கிராமத்தின் கணக்குப்பிள்ளை ஜே.சி.குமரப்பா



நம்ம குழுக்களில் யாராவது புதுசாத் தொழில் தொடங்கணும்னு வந்தால், முதலில் என்ன கேட்கிறோம்? எவ்வளவு கடன் வேணும், வட்டி எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்ட முடியும், இதைத்தான் கேட்கிறோம். இவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தொழிலுக்குச் சரக்கு எங்கேயிருந்து வருது? லாபம் கடைசியில் யார் கைக்குப் போகுது? நம்ம மண்ணுக்கும் தண்ணிக்கும் இதனால் நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்விகளைத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டவர் ஒரு தமிழர். லண்டனில் படித்த ஆடிட்டர். பெயர் ஜே.சி.குமரப்பா.

காந்தியடிகளின் பொருளாதாரத்தைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். நம்ம மாதிரி கிராமத்துப் பெண்களுக்கு இவர் பெயர் அதிகம் வந்து சேரவில்லை. ஆனால் இவர் பேசினதெல்லாம் நம்ம உரல், உலக்கை, செக்கு, அடுப்பு, சந்தை பற்றித்தான். அதனால் இந்த மலரில் அவர் கதையைச் சொல்லுகிறோம்.

தஞ்சாவூரிலிருந்து லண்டன்

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அம்மா எஸ்தர் ராஜநாயகம். வசதியான வீடு. பிள்ளைகள் எல்லாரும் நன்றாகப் படித்தார்கள். இவர் கணக்கியல் படிக்க லண்டன் போனார், ஆடிட்டர் ஆனார், அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா கூப்பிட்டதால் 1919-இல் நாடு திரும்பினார். பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழில். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். கம்பெனிகளின் வரவு செலவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை.

அதற்குப் பிறகு அமெரிக்கா போய் மறுபடியும் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று அங்கே ஒரு கூட்டத்தில் அவர் பேசின செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர், இதையே ஆராய்ச்சியாகச் செய் என்று தூண்டினார். அரசாங்கம் மக்களிடம் என்ன வரி வாங்குகிறது, வாங்கின பணத்தை எதில் செலவழிக்கிறது என்று ஒரு ஆடிட்டரின் கண்ணோடு பார்த்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஏழைகளிடம் வாங்கும் பணம் ஏழைகளுக்குத் திரும்ப வரவில்லை என்பது கணக்கிலேயே தெரிந்தது. இத்தனை நாளாக எந்த ஆட்சியை நல்ல ஆட்சி என்று நினைத்திருந்தாரோ, அதன் கணக்கே அவர் மனசை மாற்றிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

மரத்தடியில் ஒரு பெரியவர்

ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கொண்டுவர காந்தியிடம் கொடுக்கலாம் என்று 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டார். அங்கே ஒரு மரத்தடியில், சாணி மெழுகின தரையில் ஒரு வயசானவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் இதுவரை ராட்டையைப் பார்த்ததே கிடையாது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். ஐந்து நிமிஷம் கழித்து அந்தப் பெரியவரே, நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டார். அப்போதுதான் காந்தி இவர்தான் என்று புரிந்தது. போட்டிருந்தது பட்டு உடை. அதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காந்தி அந்த ஆராய்ச்சியைத் தன் பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் மாத்தர் என்று ஒரு தாலுகா. அங்கே கிராமம் கிராமமாகப் போய் மக்கள் உண்மையில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். குஜராத்தி மொழி இவருக்குத் தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, என்ன விளைச்சல், எவ்வளவு கடன், எவ்வளவு வரி, எல்லாவற்றையும் எழுதினார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், பல குடும்பங்களில் விவசாயம் நஷ்டத்தில் ஓடுகிறது. கடன் வாங்கித்தான் வரி கட்டுகிறார்கள்.

நம்ம கிராமங்களில் ஏழைகளைக் கண்டறியும் கணக்கெடுப்பு நடந்தபோது நம்மில் எத்தனையோ பேர் நோட்டும் பேனாவுமாக வீதி வீதியாகப் போயிருக்கிறோம். அந்த மாதிரி வேலையை இந்த நாட்டில் தொடங்கி வைத்தவர்களில் இவரும் ஒருவர்.

பைசா கணக்கு

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கான மக்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் நிவாரண நிதி திரண்டது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் வேலை நடந்தது. நிதிக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. தொண்டர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்கு இவ்வளவுதான் என்று கறாராக ஒரு வரம்பு வைத்தார். காந்தி அங்கே வந்தபோது, அவர்கூட வந்தவர்களின் செலவுக்கான ரசீதும் வந்தது. இது பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்கு வந்த பணம், உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று குமரப்பா அதைத் திருப்பிவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். காந்தி கோபப்படவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார்.

ஊக்குநர், பிரதிநிதி, கணக்கு எழுதுகிறவர் யாராக இருந்தாலும் இதை மனசில் வைக்கலாம். நமக்கு வேண்டியவங்க, பெரிய இடத்து ஆளுங்க என்று பார்த்து ரசீது இல்லாமல் ஒரு செலவை எழுதினால், அங்கேதான் குழு உடைய ஆரம்பிக்கும்.

மகன்வாடி

அதே 1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. காந்தியின் வழிகாட்டுதலில் அது நடந்தது, குமரப்பா செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் வேலை ஆரம்பமானது. இடத்துக்குப் பெயர் மகன்வாடி. அங்கே பெரிய மிஷின் எதுவும் இல்லை. எண்ணெய்ச் செக்கு, நெல் குத்தும் உலக்கை, மாவு திரிக்கும் திரிகை, பனைவெல்லம் காய்ச்சும் கொப்பரை, தேனீப் பெட்டி, கைக்காகிதம், சோப்பு, மண்பாண்டம், இவைதான் இருந்தன. பழைய கருவிகளை அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. செக்கு இன்னும் லேசாகச் சுற்ற என்ன செய்யலாம், அடுப்புப் புகை பெண்கள் கண்ணில் படாமல் வெளியே போக என்ன வழி என்று சோதனை செய்துகொண்டே இருந்தார்கள். புகையில்லாத மகன் அடுப்பும், மண்ணெண்ணெய்க்குப் பதிலாக நம்ம ஊர் எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே உருவானவை. 1938 டிசம்பரில் இவற்றுக்கென்றே ஒரு காட்சியகத்தையும் காந்தி திறந்துவைத்தார்.

இந்த வேலைகளை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். மூன்று விஷயங்களைப் பார்ப்போம்.

முதலில் செக்கு. கடலையையோ எள்ளையோ மூட்டையாக வெளியூர் ஆலைக்கு விற்றால் எண்ணெய் மட்டும் போவதில்லை. புண்ணாக்கும் போய்விடுகிறது. புண்ணாக்கு இல்லை என்றால் மாட்டுக்குத் தீனி குறைகிறது, சாணி குறைகிறது, வயலுக்கு உரம் குறைகிறது. உள்ளூரிலேயே ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, சாணி மண்ணுக்கு. ஆட்டுகிறவருக்குக் கூலி. ஒரு தொழில் நாலு இடத்தில் பலன் தரும்.

அடுத்து பனை. கரும்புக்கு நல்ல நிலமும் ஏகப்பட்ட தண்ணீரும் வேணும். அந்த நிலத்தில் நெல்லோ பருப்போ விளையும். பனையோ யாரும் தண்ணி ஊற்றாமல் வரப்பிலும் தேரிக்காட்டிலும் நிற்கும். இனிப்புக்குப் பனைவெல்லம் இருக்கும்போது சாப்பாட்டு நிலத்தை ஏன் கரும்புக்கு விட வேண்டும் என்று கேட்டார். நம்ம தென்மாவட்டத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் பனை ஏறி இறக்கின பதநீரை அடுப்பு முன்னால் நின்று காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியது நம்ம அம்மாவும் ஆச்சியும்தான்.

மூன்றாவது அரிசி. மில்லில் வெள்ளையாகத் தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. நெல் குத்திக் கூலி வாங்கிப் பிழைத்த ஏழைப் பெண்ணின் வேலையும் போய்விடுகிறது. ஆக, சாப்பிடுகிறவருக்கும் நஷ்டம், குத்துகிறவளுக்கும் நஷ்டம் என்று எழுதினார், பேசினார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அப்போ நாம எல்லாரும் மறுபடி உலக்கையைத் தூக்கணுமா? கை காய்த்துப்போக நெல் குத்தின நம்ம பாட்டிமார், மில் வந்தபோது அப்பாடா என்றுதான் மூச்சு விட்டார்கள். அதையும் மறைக்கக் கூடாது. உலக்கை விஷயத்தில் காலம் குமரப்பா பக்கம் போகவில்லை. ஆனால் அவர் மிஷினே கூடாது என்று சொன்னவர் கிடையாது. மிஷின் வேலை செய்கிறவரின் கைக்குள் இருக்கணும், வேலை செய்கிறவர் மிஷினுக்கு அடிமையாகக் கூடாது, அதுதான் அவர் கட்சி. ஒரு குழு சேர்ந்து சொந்தமாக ஒரு மாவு மிஷினோ மரச்செக்கோ வாங்கி, தாங்களே ஓட்டி, தாங்களே விலை வைத்தால் அது அவர் வழிக்கு விரோதம் இல்லை.

வாழைப்பழமும் ரூபாயும்

பணத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு விளக்கம் சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் புரியும். ஒருத்தி கூடையில் வாழைப்பழம் வைத்திருக்கிறாள். இன்னொருவர் பையில் ரூபாய் வைத்திருக்கிறார். பழம் இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு அழுகும். ரூபாய் அழுகாது. அதனால் ரூபாய் வைத்திருப்பவர் காத்திருக்கலாம், பழக்காரி காத்திருக்க முடியாது. சாயங்காலம் ஆக ஆக அவள்தான் விலையை இறக்க வேண்டும். இரண்டு பேர் கையிலும் பத்து ரூபாய் மதிப்பு இருந்தாலும், பேரம் சமமாக நடப்பதில்லை.

கீரை, தக்காளி, மீன், பால், பூ விற்கிற நம்ம உறுப்பினர்கள் தினமும் படுகிற பாடு இதுதானே. இதற்கு நம்ம கையில் இருக்கிற மருந்து சேமிப்பும் உள்கடனும். அவசரத்துக்குக் குழுவில் ஐநூறு ரூபாய் கிடைக்கும் என்றால், பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. தக்காளியை வற்றலாக, மாங்காயை ஊறுகாயாக, பாலை நெய்யாக மாற்றத் தெரிந்தால் நம்ம சரக்கும் கொஞ்ச நாள் காத்திருக்கும்.

சிறையில் எழுதின புத்தகம்

சுதந்திரப் போராட்டத்தில் குமரப்பா பல தடவை சிறைக்குப் போனார். 1940-களில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதின புத்தகம்தான் நிலைத்த பொருளாதாரம் பற்றியது. 1945-இல் வெளிவந்தது. காந்தி முன்னுரை எழுதினார். அதே சிறையில் இயேசுவின் போதனைகள் பற்றியும் எழுதினார். இரண்டையும் படித்த காந்தி, மதத்துக்கு ஒன்று, கிராமத் தொழிலுக்கு ஒன்று என்று இவருக்கு விளையாட்டாக இரண்டு டாக்டர் பட்டம் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தில் மனுஷர் பிழைக்கும் வழிகளை மிருகம், பறவைகளோடு ஒப்பிட்டார். புலி ஆட்டை அடித்துத் தின்கிறது, இன்னொரு உயிர் அழிகிறது. குரங்கு தான் வளர்க்காத மரத்தில் பழம் பறித்துத் தின்கிறது. தேனீயோ பூவில் தேன் எடுக்கும்போதே பூ காய்க்கவும் உதவுகிறது; எடுத்த தேனையும் தனக்கென்று வைக்காமல் கூட்டுக்கே கொடுக்கிறது. தாய்ப்பறவை எந்தக் கூலியும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை தேடுகிறது. புலி வழியிலிருந்து தாய்ப்பறவை வழிக்கு மனுஷர் போக வேண்டும் என்பது அவர் ஆசை. நம்ம குழுக்கள் இருப்பது தேனீ வழியில் என்று சொல்லலாம்.

இயற்கையை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல், இரும்பு மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவது ஒன்று. மரம், பயிர், சாணி, வெயில், தண்ணீர் ஓட்டம் மாதிரி மறுபடி மறுபடி வருவது இன்னொன்று. தீர்ந்துபோகிறதை நம்பித் தொழில் செய்தால் சண்டை வரும், ஒருநாள் தொழிலும் நின்றுபோகும். மறுபடி வருவதை நம்பிச் செய்தால் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தத் தொழில் இருக்கும். இன்றைக்குப் பசுமை வேலைவாய்ப்பு என்று பயிற்சி வகுப்புகளில் நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதன் அடிப்படை இதுதான்.

கல்லுப்பட்டி

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். உழுகிறவருக்கே நிலம் சேர வேண்டும், குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று 1949-இல் அறிக்கை கொடுத்தார்கள். அதில் நிறைவேறாதது நிறைய. நாடு பெரிய ஆலை, பெரிய அணை என்று போனது. நேரடியாகப் பேசுகிற சுபாவம் அவருக்கு. பதவிக்காக வாயை மூடிக்கொள்ளத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக டெல்லியிலிருந்து விலகிவிட்டார்.

வார்தா பக்கத்தில் சேல்டோ என்ற கிராமத்தில் பண்ணை ஆசிரமம் ஆரம்பித்து விவசாயச் சோதனைகள் செய்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, ரத்தக் கொதிப்பு. 1950-களில் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் இருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். தஞ்சாவூரில் பிறந்து லண்டன், பம்பாய், நியூயார்க், வார்தா எல்லாம் சுற்றினவர், கடைசிக் காலத்துக்கு நம்ம கரிசல் காட்டுக் கிராமத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை. அவர் குடிசையில் ஒரு ஏழை விவசாயியின் படம் இருந்தது. இது யார் என்று கேட்பவர்களிடம், காந்தி என் குரு, இவர் என் குருவுக்கு குரு என்று விளக்குவாராம்.

1960 ஜனவரி 30-ஆம் தேதி மதுரையில் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே தேதி. வயது 68. கல்லுப்பட்டி ஆசிரமத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற பாதையில்தான் அந்த ஊர். அந்தப் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

நமக்கு என்ன?

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. அதற்கு இருபத்தொன்பது வருஷம் முன்னாலேயே குமரப்பா போய்விட்டார். ஆனாலும் நம்ம வேலையை அவர் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை போட்டது. அதனால் பாக்குமட்டைத் தட்டு, வாழையிலை, மந்தாரை இலை, துணிப்பை, பனை ஓலைக் கூடை எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. மண்புழு உரம், பஞ்சகவ்யம், சிறுதானிய மாவு, மரச்செக்கு எண்ணெய் என்று எத்தனையோ தொழில்கள் நம்ம கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் பசுமைத் தொழில் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. மட்டையை வேற மாநிலத்திலிருந்து லாரியில் வாங்கி, கடனில் மிஷின் வாங்கி, தட்டை ஒரே ஒரு வியாபாரி சொல்லுகிற விலைக்கு விற்றால், பெயர் பசுமை, கடன் மட்டும் நமக்கு. அதனால் அடுத்த முறை தொழில் கடன் தீர்மானம் எழுதும்போது, குமரப்பா வழியில் இந்த ஐந்தையும் கேட்டு எழுதுங்கள்:

1. மூலப்பொருள் நம்ம ஊரிலோ பக்கத்து ஊரிலோ கிடைக்குமா? அடுத்த வருஷமும் கிடைக்குமா?

2. கழிவு என்று மிஞ்சுவது வேற எதற்காவது உதவுமா, இல்லை வாய்க்காலில் போய்ச் சேருமா?

3. சரக்கு எத்தனை நாள் தாங்கும்? வாங்குகிறவர் ஒருத்தரா, பலரா?

4. கருவி ரிப்பேர் ஆனால் நம்மாலோ உள்ளூர் ஆளாலோ சரிசெய்ய முடியுமா?

5. நம்ம கூலியைச் செலவாக எழுதின பிறகும் லாபம் நிற்கிறதா?

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. வீட்டுப் பெண்கள் செய்வதால் கூலி கணக்கில்லை என்று விட்டுவிட்டுத்தான் பல தொழில்களை லாபம் என்று காட்டுகிறோம். காலை நாலு மணிக்கு எழுந்து மாவு ஆட்டினவளின் உழைப்பைச் சுழியம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. மாத்தர் தாலுகாவில் விவசாயியின் உழைப்பையும் கடனையும் சேர்த்து எழுதினபோதுதான் உண்மை நிலைமை குமரப்பாவுக்குத் தெரிந்தது. நம்ம நோட்டிலும் அந்த வரி ஒன்று இருக்கட்டும்.

வர்ற ஜனவரி 4 அவர் பிறந்த நாள், ஜனவரி 30 நினைவு நாள். அந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரிலிருந்து மாசாமாசம் எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு பணம் வெளியே போகிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். எண்ணெய், சோப்பு, மாவு, பலகாரம், பை என்று எழுதிக்கொண்டே வந்தால், அதில் எதை நாமே செய்யலாம் என்பது தானாகத் தெரியும். அந்தப் பட்டியலைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பேசி முடிவெடுப்போம்.